பத்து வயதோடு நின்றுபோன ஞானோபதேசம்

ஞாயிற்றுக்கிழமை பங்குப் பேரவைக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். குமாரலிங்கபுரத்தில் கத்தோலிக்கர் வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பூசைக்குப் பஸ் ஏறித்தான் போக வேண்டும். பேரவையில் எங்கள் பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று, எழுதப் படிக்கத் தெரிந்தவன், பென்ஷன்காரன், வேறு வேலை இல்லாதவன் என்ற மூன்று தகுதிகளை வைத்து என்னைப் போட்டிருக்கிறார்கள்.

கூட்டத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் திருவிழாவைப் பற்றியே பேசினோம். கொடியேற்றத்துக்கு யாரைக் கூப்பிடுவது, சப்பரத்துக்குப் பூ எந்த ஊரிலிருந்து, ரேடியோ செட் போன வருஷக்காரரா புதியவரா, வாணவேடிக்கை எவ்வளவுக்கு. (சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வாணவேடிக்கையில் சிக்கனம் பார்த்தால் சிரிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். நியாயந்தான்.) கடைசியில், நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்த ‘பெரியவர்களுக்கு மறைக்கல்வி’ என்ற விஷயம் வந்தபோது டீயும் வந்துவிட்டது. “சின்னப் புள்ளைகளுக்குத்தான் ஞாயித்துக்கிழமை நடக்குதே அண்ணாச்சி, நமக்கு எதுக்கு இந்த வயசுல?” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் நான் சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

நமக்கு எதுக்கு என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இத்தனை வருஷமாக என் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாத பதில். அதற்கு முன் நான் படித்த லட்சணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காரைக்காலில் 1949-ல் பிறந்தவன் நான். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நாங்கள் எந்தத் தேசம் என்று பெரியவர்களே குழம்பிக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளிக்கூடம் மட்டும் குழப்பமில்லாமல் பிரெஞ்சிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு பிரெஞ்சு, பூகோளம் பிரெஞ்சு, ஞானோபதேசமும் பிரெஞ்சு. ‘காத்தெஷிஸ்ம்’ என்போம். சின்னப் புத்தகம். கேள்வி, பதில், கேள்வி, பதில். ஒரு சொல் இடம் மாறினாலும் ஸ்கேல் முட்டியில் இறங்கும். பூசை லத்தீனில், பாடம் பிரெஞ்சில், வீட்டில் அம்மா சொல்லும் ஜெபமாலை தமிழில். பத்து வயதில் புதுநன்மை வாங்கினேன். ஒப்பிப்பதில் எனக்கு முதல் பரிசு, ஓரத்தில் பொன்வண்ணம் பூசிய ஒரு மாதா படம். அத்தோடு என் மறைக்கல்வி முடிந்தது. பிறகு பிரவே தேறினேன், புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்தேன், 2009-ல் ஓய்வு பெற்றேன். என் மனைவிக்கு இது சொந்த ஊர். அவள் பெற்றோர் வீடு பூட்டிக் கிடந்ததால் இங்கே வந்துவிட்டோம். அறுபது வயதில் வீட்டோடு மாப்பிள்ளை ஆனவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. லீவு விதி மாறினாலும், பயணப்படி மாறினாலும் சுற்றறிக்கை வரும். படித்துவிட்டு இனிஷியல் போட்டு அடுத்த மேஜைக்கு அனுப்ப வேண்டும். பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. கோயில் விஷயத்தில் அப்படி ஒரு சுற்றறிக்கையும் ஐம்பது வருஷமாக என் மேஜைக்கு வந்ததில்லை. நானும் தேடிப் போனதில்லை. பத்து வயதில் ஒப்பித்ததை வைத்தே அறுபது தாண்டியும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

2013 ஐப்பசி. கரிசலில் விதைப்பு முடிந்து, எல்லாரும் அடுத்த மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் வீடுகளில் ஒன்றில் ஓர் இளைஞன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். பெயர் சொல்லப்போவதில்லை. காரணம் என்று ஊர் பலதும் சொன்னது. அதில் எதையும் நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வீடு வந்து சேர மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. அந்தப் பையனின் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள்.

“மாமா, நீங்க படிச்சவுக. வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துல வேதம் படிச்சவுக. கோயிலுக்குக் கொண்டுபோகலாமா? சாமிக்குப் போன் போடட்டுமா?”

நான் ஒரு நிமிஷங்கூட யோசிக்கவில்லை. தற்கொலை செய்துகொண்டவர்களுக்குக் கோயிலில் பூசை கிடையாது, மந்திரித்த மண்ணில் அடக்கம் கிடையாது, சாமியிடம் கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள் என்று சொன்னேன். பில்லைத் திருப்பி அனுப்பும்போது கவுண்டரில் நான் பேசுகிற அதே குரல். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இருட்டுவதற்குள், மணி அடிக்காமல், முன்னே சிலுவை போகாமல், ஊர் மயானத்து ஓரத்தில் அடக்கம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டிலிருந்து ஜெபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று பெண்கள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் ரேஷன் கடையில் கைநாட்டு வைப்பவர். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். விடியற்காலையில் வந்தவளிடம், இதற்கு ஜெபமாலை சொல்லலாமா என்று கேட்டேன். “ஏங்க, அழுதுக்கிட்டு இருக்கிறவ பக்கத்துல உக்காந்து சாமி கும்புடறதுக்கு யாருகிட்ட உத்தரவு வாங்கணும்?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பங்குத்தந்தை வந்தார். இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார், நல்ல மனிதர். “எனக்கு ஏன் சொல்லல? நான் வந்து பூசை வச்சிருப்பேனே. அந்தச் சட்டமெல்லாம் மாறி முப்பது வருஷமாச்சே” என்று அந்த வீட்டு வாசலில் நின்று வருத்தப்பட்டார். சித்தப்பாக்காரர் என் பெயரைச் சொல்லவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். நானும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஸ்டீல் பீரோவைத் திறந்தேன். பென்ஷன் பேப்பர்களுக்குக் கீழே ஒரு தடித்த புத்தகம் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல். 1992-ல் முதலில் வெளிவந்தது பிரெஞ்சில்தான். பாரிஸ் பக்கத்தில் குடியேறிய என் தம்பி அப்போதே வாங்கி அனுப்பியிருந்தான். இருபது வருஷமாக அதை நான் பிரித்ததில்லை. ஐந்தாம் கட்டளையின் கீழ், 2282, 2283 என்று எண்ணிட்ட பத்திகளில் நான் தேடியது இருந்தது. கடுமையான மனக்கலக்கம், வேதனை, அச்சம் இவையெல்லாம் ஒருவருடைய பொறுப்பைக் குறைத்துவிடும் என்கிறது. அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காக வேண்டுகிறது என்கிறது. பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன். நான் பத்து வயதில் கேட்டது 1917-ஆம் வருஷத்துச் சட்டம். அதில் 1240-ஆம் விதி, தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குக் கோயில் அடக்கத்தை மறுத்தது. 1983-ல் வந்த புதிய சட்டத்தில் அடக்கம் மறுக்கப்பட வேண்டியவர்களைச் சொல்வது 1184-ஆம் விதி. அந்தப் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டவர்கள் இல்லை. எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு வயது 34. ஒரு ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீஸில் ஒரு சுற்றறிக்கையைத் தவறவிட்டதில்லை.

அந்தத் தாய் அதற்குப் பிறகு கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

பெரியவர்களுக்கு மறைக்கல்வி என்று நான் கேட்பது இதற்காகத்தான். நாம் இன்னும் நிறைய வேதம் படித்துப் புண்ணியவான் ஆக வேண்டும் என்பதற்காக இல்லை. நம் கையில் இருக்கும் அரைகுறைப் பாடத்தை நாம் பிள்ளைகள் மேல் பிரயோகிப்பதில்லை. சாவு வீட்டில், கல்யாணப் பேச்சில், மருமகள் வேறு மதமாக இருக்கும்போது, பாகம் பிரிக்கும்போது, ஒருவருக்கொருவர் மேல் பிரயோகிக்கிறோம். பத்து வயதுப் பாடம் பத்து வயதுப் பையனிடம் இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. அறுபத்துநாலு வயதுக்காரன், படித்தவன் என்று பெயர் வாங்கினவன், அதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னால் ஆபத்து.

இது நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. பெரியவர்களுக்குக் கற்பிப்பதே மறைக்கல்வியின் தலையாய வடிவம் என்று ரோமாபுரியே 1971-ல் வந்த பொது வழிகாட்டியில் சொல்லிவிட்டது. 1979-ல் இரண்டாம் ஜான் பால் திரும்பவும் எழுதினார். காகிதத்தில் பெரியவர்கள் முதலிடம். பங்கில் பிள்ளைகள் மட்டும். புதுநன்மை, உறுதிபூசுதல், பிறகு கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வகுப்பு (சர்டிபிகேட் கொடுப்பதால் அதற்கு ஆள் வருகிறது). அதற்கப்புறம் கல்லறை மட்டும் ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பங்கின் வரவு செலவுக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். வாணவேடிக்கைக்குத் தனித் தலைப்பு இருந்தது. மறைக்கல்வி என்ற தலைப்பில் பிள்ளைகளுக்குப் பரிசுப் பொருள் வாங்கியது ஒன்றுதான் இருந்தது.

இந்த வறண்ட காட்டில் வேதம் வந்த வரலாற்றைப் பார்த்தால், நாம் எவ்வளவு தலைகீழாகப் போய்விட்டோம் என்று தெரியும். இங்கே முதலில் படித்தவர்கள் பெரியவர்கள். சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே ஆயிரக்கணக்கான பரதவர்கள் ஞானஸ்நானம் வாங்கியிருந்தார்கள். ஆனால் ஒரு ஜெபங்கூடச் சொல்லித்தர ஆளில்லை. அவர் ஜெபங்களைத் தமிழில் மாற்றச் செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். தான் அடுத்த ஊருக்குப் போகும்போது ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆளை நியமித்துவிட்டுப் போனார். அந்த ஆளுக்குப் பெயர் என்ன தெரியுமா? கணக்கப்பிள்ளை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்ததும் கணக்கப்பிள்ளை உத்தியோகந்தானே!

பிறகு என்றிக்கே என்றீக்கஸ் அடிகள். தமிழ் எழுத்தில் அச்சேறி நம் கைக்கு வந்திருக்கும் முதல் புத்தகம் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’, 1578, கொல்லம். பதினாறே பக்கம். அடுத்த வருஷமே கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. இரண்டும் ஞானோபதேசப் புத்தகங்கள்தான். நம் மொழி அச்சு இயந்திரத்தைப் பார்த்ததே பாமர சனங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதகரும் பெரியவர்களோடு தர்க்கம் பண்ணித்தான் சொல்லிக்கொடுத்தார், அவரும் ‘ஞானோபதேசம்’ எழுதினார்.

மறவர் சீமையில் சாமிமார் மிகக் கொஞ்சம். அந்தக் காலத்து ஏசுசபைக் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிரெஞ்சில் தொகுதி தொகுதியாக அச்சாகியிருக்கின்றன. எனக்கிருந்த பிரெஞ்சால் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அவற்றில் சிலவற்றைப் படித்ததுதான். ஓர் ஊருக்குக் குரு எப்போதாவது ஒருமுறைதான் வருவார். நடுவில் எல்லாம் வேதியர் பாடு. உபதேசியார் என்றும் சொல்வோம். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, அடக்கம் பண்ணுவது, சண்டை தீர்ப்பது. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், நோயில் கிடந்த தடியத்தேவருக்காக முதலில் அனுப்பியதும் ஒரு வேதியரைத்தான். நம் கரிசல் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் தொண்டைத் தொடங்கிய வீரமாமுனிவர், இந்த வேதியர்களுக்கென்றே 1727-ல் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். தேம்பாவணி எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். காட்டுவழியில் மைல் கணக்காக நடந்துபோகிற ஒரு சாதாரண ஆளுக்கு, எப்படி நடந்துகொள்ள வேண்டும், எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உரைநடையில் உட்கார்ந்து எழுதினாரே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

தேவசகாயம் பிள்ளையையும் நினைத்துப் பார்க்கலாம். வயது முப்பதுக்கு மேல், அரண்மனை உத்தியோகம், குடும்பஸ்தர். டச்சுத் தளபதி டிலனாயிடம் கேட்டுக் கேட்டு, பிறகு வடக்கன்குளத்தில் மாதக்கணக்கில் பாடம் கேட்டு, 1745-ல்தான் ஞானஸ்நானம். இன்று அவர் புனிதர். அவர் படத்தை வைத்துச் சப்பரம் இழுக்கிறோம், அவர் கேட்ட மாதிரி ஒரு கேள்வி கேட்க நமக்கு இடமில்லை.

அந்த உபதேசியார் எங்கே போனார்? சாலை வந்தது, சாமி வாராவாரம் மோட்டார் சைக்கிளில் வந்தார். உபதேசியார் கோயில்பிள்ளையாகி, மணி அடித்து, மெழுகுவத்தி ஏற்றி, கடைசியில் அந்தச் சம்பளமும் கட்டுப்படியாகாமல் நின்றுபோனார். நான் பார்த்த பங்குகளில் நடந்தது இதுதான். சாமி அடிக்கடி வர ஆரம்பித்ததும் ஊர் தானாகப் படிப்பதை விட்டுவிட்டது. 2021 மே 10-ல் போப் பிரான்சிஸ், பொதுநிலையினர் வேதியராக இருப்பதை ஒரு முறையான திருப்பணியாகவே அறிவித்தார். அதைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் பேசி நான் கேட்கவில்லை. அதே வருஷம் ஆயர் மாமன்றத்துக்காக உலகம் முழுக்க மக்களின் கருத்தைக் கேட்டார்களே, எங்களுக்கு வந்தது ஒரு கேள்வித்தாள். “மாமா, நீங்களே எழுதிக் குடுத்துருங்க” என்றார்கள். பழக்க தோஷம், எங்கள் எல்லார் கருத்தையும் நானே நிரப்பி, சேர்த்து, தைத்துக் கொடுத்துவிட்டேன்.

அன்பியம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல ஏற்பாடு. மாதம் ஒரு வீட்டில் கூடுகிறோம், விவிலியம் வாசிக்கிறோம், சுண்டல் சாப்பிடுகிறோம். ஆனால் வாசித்த பிறகு ‘யாராவது கருத்துச் சொல்லலாம்’ என்றால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலடி வாங்கியது நான் மட்டும் இல்லை போலிருக்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. அன்பியத்தைத் தெருவாரியாகப் பிரிக்கிறார்கள். நம் பக்கத்தில் தெரு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய ஆயர்களே 2016-ல் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையில், சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். தெருவுக்கு ஓர் அன்பியம் என்றால், ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காமலே பரலோகம் போய்விடலாம்.

பிரான்சில் கோயில்கள் காலியாகிவிட்டன என்று நாம் கேலி பேசுகிறோம். அங்கே 2025 உயிர்ப்பு விழாவின்போது 10,384 பெரியவர்கள் ஞானஸ்நானம் வாங்கினார்கள். தம்பி மகன் செய்தியை அனுப்பியபோது எண்ணை இரண்டு தடவை பார்த்தேன். அதைவிட அவர்கள் தயாராகிற விதந்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒன்று இரண்டு வருஷம், கூட ஒரு துணையாளர், கூடிப் பேச ஒரு சிறு குழு. உனக்கு ஏன் இது வேண்டும் என்று அவர்களை ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். பிறந்த இருபதாம் நாள் தண்ணீர் ஊற்றப்பட்ட என்னை இந்த எழுபத்தாறு வருஷத்தில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

இதற்கு எதிராகச் சொல்ல ஒன்று இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். படித்த நான் அன்று வாசலை அடைத்தேன். கைநாட்டுக்காரப் பெண்மணி உள்ளே போய் உட்கார்ந்தார். அப்படியானால் படிப்பு எதற்கு? இந்தக் கேள்வியை என்னால் முழுசாகத் தாண்ட முடியவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்தப் பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். உடலைக் கோயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. அந்த மூன்று ஆண்பிள்ளைகள் நேரே என் திண்ணைக்குத்தான் வந்தார்கள். சட்டம் மாறியது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தால், ‘அவரு கெடக்காரு, சாமிக்குப் போன் போடுங்கடா’ என்று சொல்லியிருப்பார். அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்.

ஆகவே 2014 தவக்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் புதன்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். ஆரம்பித்தது என் மனைவி, பெயர் எனக்கு. ஏழு பேர், எட்டுப் பேர். சில வாரம் மூன்று பேர். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு, மில் பஸ்ஸில் இறங்கி, ஆட்டைக் கட்டிவிட்டு வருகிறார்கள். வரும் ஞாயிறு நற்செய்தியை ஒருவர் வாசிப்பார். பிறகு யாரும் உபதேசம் பண்ணக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்று விதி. முதல் இரண்டு மாதம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கொசுக்கடிதான் மிச்சம். பிறகு ஒரு கிழவி, “லாசர உயிரோட எழுப்புனாருல்ல, அந்தாளு மறுபடி எப்பச் செத்தாரு?” என்று கேட்டார். அன்றிலிருந்து மடை திறந்தது. குழு லோன் வாங்கி வேறொருத்திக்கு வட்டிக்குக் கொடுத்தால் பாவமா? புருஷன் இந்து, தாலி கட்டியது கோயிலில் இல்லை, நான் நன்மை வாங்கலாமா? மகளுக்கு ஜாதகம் கேட்கிறார்கள், எழுதிக் கொடுக்கலாமா? இதற்கெல்லாம் என் பரிசு வாங்கிய காத்தெஷிஸ்மில் பதில் கிடையாது. சிலதுக்கு அந்தத் தடித்த புத்தகத்தில் இருந்தது, சிலதுக்குச் சாமியைக் கேட்டேன், சிலதுக்கு இன்னும் இல்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லப் பழகியிருக்கிறேன். குமாஸ்தாவுக்கு அது லேசில் வராது.

பங்குக்கு நான் கேட்பது பெரிதில்லை. வாணவேடிக்கைக்கு இருக்கிற மாதிரி பெரியவர் மறைக்கல்விக்குக் கணக்கில் ஒரு தலைப்பு. கிளை ஊர் ஒவ்வொன்றிலும் ஓர் உபதேசியார், ஆணோ பெண்ணோ. பெண் என்றால் நல்லது. மறைமாவட்டத்தில் அவர்களுக்குப் பயிற்சி, போக வர பஸ் காசு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, எல்லாத் தெருவும் ஒரே இடத்தில் கூடி, சாமி மைக்கை மேஜையில் வைத்துவிட்டு எங்கள் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பதில் பிறகு சொல்லட்டும். அடுத்த கூட்டத்தில் இதை முதல் விஷயமாகப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், டீக்கு முன்னால்.

எழுதி நாலு நாள் ஆகிறது. அந்தத் தாயைக் கேட்காமல் இதை இங்கே போடக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். 2014 கல்லறைத் திருநாளன்று அப்போதைய பங்குத்தந்தை வந்து அந்தப் பையனின் கல்லறையை மந்திரித்தபோது, அந்த அம்மா வேப்பமரத்தடியில் தள்ளி நின்றதுதான் எனக்கு ஞாபகம். அன்று கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று சொன்னேன். சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

“தெரியும்ணே” என்றார். “அன்னைக்கே தெரியும். மதினிதான் ராத்திரி பூரா எங்கூட இருந்தாகளே.”

எழுதுவதற்குத் தடை இல்லை, பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கிளம்பும்போது முருங்கைக்காய் பறித்து என் மனைவி கையில் கொடுத்தார். புதன்கிழமைக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. மனைவி கூப்பிட்டாளா என்று கேட்கவும் இல்லை. வரும் புதனுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் போன வாரம் கேட்டது. வெடி விபத்தில் பாவசங்கீர்த்தனம் பண்ண நேரமில்லாமல் போகிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.